வீடு திரும்பும் சிறுவன்

குற்றம் புரிந்து அரசினரின் சிறப்பு இல்லத்தில் இருந்த சிறுவன், அல்சூர்ச் சந்து ஒன்றிலுள்ள தன் வீட்டிற்குத் திரும்புகின்றான் எனக் கொள்வோம். அங்கே நூறு ரூபாய் காணாமற் போயின் எல்லோர் கண்ணும் எவன்மீது பாயும்? பெரியோரைப்போல் விசாரிக்கப்பட்டோர் நீங்கலாக, மற்றச் சிறாரின் வழக்கேடுகளை அழித்துவிடுமாறு 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் பணிக்கின்றது. வீட்டாரின் நெஞ்சிலுள்ள ஏட்டை அழிப்பவர் யார்?

அங்குலிமாலர் திருந்தித் துறவியான பின்னரும் சாவத்தி நகரில் கல்லடி பட்டார். ஊரார்மீது முழுப்பழி சுமத்தவும் இயலாது. மாண்டோரின் சுற்றத்தாரும் மனிதரே.

ஆகவே, பையனை மட்டும் திருத்தினாற் போதுமா? ஆலையில் இழை ஒருமுறை அறுந்தால் ஒட்டுவோம். அதே இடத்தில் ஓயாது அறுந்தால் கதிரையன்றோ சோதிப்போம்? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஜேம்ஸ் அலெக்சாண்டர் என்னும் உளநூலார் 1970-களில் வளர்த்த குடும்பச் சிகிச்சை இவ்வழியே செல்கின்றது. ஆலோசகர் வீட்டார் அனைவரையும் ஒருங்கே அமர்த்தி, ஒருவரையொருவர் பழிக்கும் பேச்சை முதலில் தணிக்கின்றார். பின்னரே பேசும் முறையையும் கண்டிக்கும் முறையையும் மாற்றப் பயிற்றுகின்றார். சில திங்களில் முடியும் வேலை அது.

சிறுவனோடு பெற்றோருக்கும் ஆலோசனை வழங்க நம் சட்டமும் இடந்தருகின்றது. ஆயினும், தினக்கூலி பெறும் தந்தை அதன்பொருட்டு அலுவலகம் சென்றால் அன்று அடுப்பெரியாது. ஆலோசகரே மாலையில் அச்சந்துக்குள் வந்து, அவர்கள் விரிக்கும் பாயில் அமர்தல் வேண்டும்.