பழுது பார்த்தலும் பழுது மறைத்தலும்

சிதைந்த பொருளொன்றைச் சீர்செய்வதைத் தமிழில் 'பழுது பார்த்தல்' என்கிறோம். திருத்துதல், செப்பனிடுதல், புதுக்குதல் முதலாய சொற்கள் இருக்கவும் மக்கள் வழக்கில் நிலைபெற்றது இத்தொடரே. கணக்குப் பார்த்தல், வைத்தியம் பார்த்தல் என்பவற்றிற் போல இங்கும் 'பார்' என்பது கவனித்துச் செய்தலையே குறிக்கும் என்று இலக்கண ஆசிரியர் சொல்லக்கூடும். அதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பழுதைப் பாராமல் அதனைப் போக்க முடியாது என்ற உண்மையும் அத்தொடரினுள் ஒளிந்து கிடக்கின்றது. பழுதைப் பார்ப்பவன் அதனைப் பிறர் பார்க்காதவாறு செய்துவிடலாமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினா நூலகத்தில் எனக்குத் தோன்றியதன்று. கனடாவிலிருந்து என் மாமா கேட்டது.

மாமா வடமராட்சிக் கரையிற் பிறந்தவர். என் அம்மப்பாவுடன் சிறுவயதிலேயே கடலுக்குப் போனவர். 1986 இல் நாட்டை விட்டு நீங்கி, ஒன்ராறியோ மாகாணத்தில் தொழிற்சாலையொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற மறு வருடம், யாரோ ஒருவரின் வளவில் புல் மூடிக் கிடந்த பதினான்கு அடி அலுமினியப் படகொன்றைச் சொற்ப விலைக்கு வாங்கி வந்து கராஜில் ஏற்றி வைத்தார். மாமிக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே பிறந்து வளர்ந்த மகனோ, செலவையும் மணித்தியாலங்களையும் கூட்டிப் பார்த்துவிட்டு, புதிய படகு இதனிலும் மலிவாக முடியும் என்றான். அவன் கணக்குப் பிழையானதன்று.

வட அமெரிக்க ஏரிகளில் இவ்வகைப் படகுகள் மிகுதி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், போர் விமானங்கள் செய்த கைத்தொழில் வேறு வேலை தேடியது. குறம்மன் என்னும் விமான நிறுவனம் அலுமினியத் தோணிகளைச் செய்து விற்கத் தொடங்கிற்று. விமானத்தின் உடலை இணைத்த அதே முறையில், மெல்லிய தகடுகளை ஒன்றன்மேலொன்று படியவைத்துத் தறையாணிகளால் இறுக்கிப் படகுகள் ஆக்கப்பட்டன. அலுமினியம் உக்குவதில்லை, கறையான் அரிப்பதில்லை, இரும்பைப் போல் துருப்பிடித்து உதிர்வதுமில்லை. காற்றுப் பட்டவுடன் அதன் மேற்பரப்பில் ஒட்சைட்டுப் படலமொன்று தோன்றி உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கின்றது. ஆதலால் ஐம்பது, அறுபது ஆண்டுகள் கழிந்த படகுகளும் அங்கே வீட்டுக் கொல்லைகளில் கிடக்கின்றன.

ஆனால் அவையும் ஒழுகும். அலை மோத மோதத் தறையாணிகள் தளர்கின்றன. எந்த ஆணி ஒழுகுகின்றது என்பதைக் கண்டறிய மாமா கையாண்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது. தண்ணீரில் ஓட வேண்டிய படகினுள் தண்ணீரை விடுவது அது. இழுவை வண்டியில் இருந்தவாறே அடித்தட்டில் நாலைந்து அங்குலத்துக்கு நீர் ஊற்றி, வெளிப்புறத்தில் எவ்விடங்களிலிருந்து துளி விழுகின்றது என்று படுத்துக்கிடந்து பார்த்து, அவ்விடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட வேண்டும். முதல் நாளில் நாற்பத்தொரு வட்டங்கள். பின்னர் ஒருவர் வெளியே ஆணித்தலையில் கனத்த இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளிருந்து சுத்தியலால் தட்டி இறுக்க வேண்டும். தனியாளாகச் செய்ய இயலாத வேலையாகையால் மகனும் வந்து இரும்பு பிடிக்க நேர்ந்தது. தட்டியும் இறுகாத ஆணிகளைத் துளைத்தெடுத்துப் புதியன இட்டார்கள். துளையுள்ள மலிவான ஆணிகளை நீர்மட்டத்தின் கீழ் இடலாகாது. அவற்றின் நடுவாலேயே நீர் வந்துவிடும்.

இயந்திரம் பூட்டும் பின்பலகை முற்றாக உக்கியிருந்தது. ஈரம் தாங்குவதற்காகச் செம்புச் சேர்மங்கள் ஊட்டிய ஒட்டுப்பலகையைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாராம். மாமா அதனைத் திருப்பிக் கொடுத்தார். ஈரத்தில் செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தீண்டினால் அங்கே சிறு மின்கலம் உண்டாகி அலுமினியத்தையே தின்றுவிடும். உலோகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்தலும் ஆகாது. இரும்புத் துகள் பதிந்து அவ்விடம் அரிக்கும். உதவிக்கு வரும் பொருளே ஊறு செய்வதற்கு இதனினும் நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இவையெல்லாம் கைவினையின் பாற்பட்டன. அறவியற் சிக்கல் பிறந்தது உட்புற வர்ணத்தைச் சுரண்டும்போதுதான். முன்னிருக்கையின் கீழே, தகட்டில் ஆணியாற் கீறிய கோடுகள் வரிசையாய்த் தெரிந்தன. ஒவ்வொரு கோட்டருகிலும் ஓர் ஆண்டு. 1971 இல் தொடங்கி 1984 வரை. பிடித்த மீனின் நீளத்தை அளந்து வைத்த அடையாளங்கள் என்று மாமா கண்டுகொண்டார். கீழே இரண்டு எழுத்துகள், சிறுபிள்ளை கீறியது போலக் கோணலாய். முறைப்படி செய்வதானால் கீறல்களைப் பசையிட்டு நிரப்பி, முதற்பூச்சுப் பூசி, வர்ணம் தீட்ட வேண்டும். அன்றிரவு தொலைபேசியில் அவர் கேட்டார்: "பிள்ளை, நீ மெய்யியல் படிக்கிறாய்தானே. இதை மூடுறதோ, விடுறதோ? சொல்லு பாப்பம்."

நான் முதலிற் சொன்னது பாடப்புத்தகத்தில் இருந்து. கிரேக்க வீரன் தீசியசின் கப்பலை அதென்ஸ் மக்கள் பேணி வந்தனர் என்றும், உக்கிய பலகைகளை அகற்றிப் புதியன இட்டமையால் அது அதே கப்பல்தானா என்று தத்துவஞானிகள் பிணங்கினர் என்றும் புளூட்டாக் கூறுகிறார். பதினேழாம் நூற்றாண்டில் ஹொப்ஸ் இச்சிக்கலை மேலும் முறுக்கினார்: அகற்றிய பழம் பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து அதே ஒழுங்கில் மீண்டும் கட்டினால், அவ்விரண்டில் எது தீசியசின் கப்பல்? வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கித் தம் மனைவியின் பெயரை அதற்கு இட்டார். நம்மவர் செலுத்த அது 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. பெயர் மாறிற்று, கப்பல் மாறிற்றா? இவ்வாறெல்லாம் நான் அடுக்கிச் சென்றேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது இதே படகுதான். அதிலை எனக்கு ஐமிச்சம் இல்லை. நான் கேட்டது வேறை" என்றார்.

அவர் சொன்னது சரியே. ஒன்றாந்தன்மை பற்றிய வினா மெய்ப்பொருளியலுக்கு உரியது. அவர் கேட்டது கடமை பற்றி. படகு அதே படகாயின் அதன் கடந்த காலத்துக்கு நாம் ஏதேனும் கடன்பட்டுள்ளோமா? இப்படியொரு வினா எழுவதற்கு அலுமினியம் என்னும் உலோகமே ஒரு காரணம் என எண்ணுகிறேன். உக்கிய மரம் தானே மண்ணாகிவிடும். நாம் தீர்மானிக்க வேண்டியது அதிகமில்லை. அலுமினியத்தை உருக்கி மீளவும் வார்க்கலாம்; தாதுவிலிருந்து புதிதாகப் பிரித்தெடுப்பதற்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே அதற்குப் போதும். பழைய உலோகக்காரருக்குக் கொடுத்திருந்தால் இப்படகு வேறேதோ பொருளாகி உலகிற் பயன்பட்டுக்கொண்டிருக்கும். அரிஸ்டோட்டிலின் மொழியிற் சொன்னால் சடம் தப்பியிருக்கும், வடிவம் அழிந்திருக்கும். தீசியசின் கப்பலிலோ வடிவம் தப்பிச் சடம் போயிற்று. கீறல்கள் இவ்விரண்டிலும் அடங்கா. அவை சடமுமல்ல, படகின் வடிவத்துக்கு இன்றியமையாதனவுமல்ல. அவை நடந்தவை, நடந்ததை அழிப்பதற்குச் சிறிது பசை போதும்.

ஆங்கிலேய அறிஞர் ரஸ்கின் 1849 இல் எழுதிய கட்டடக்கலை பற்றிய நூலில், பழைய கட்டடங்களை முன்னிருந்தவாறே மீளப் புதுக்குதல் பொய் என்று சாடினார். காலத்தின் தடத்தைச் சுரண்டியெடுத்துவிட்டு அதைப் பழமை என்று காட்டுவது ஏமாற்று என்பது அவர் கருத்து. இக்கருத்தில் உண்மை உண்டு. ஆனால் ரஸ்கின் பெரும்பாலும் கண்டு வியக்கும் கட்டடங்களை மனத்திற் கொண்டே பேசினார். படகு மிதக்க வேண்டும். ஒழுகும் ஆணியைக் 'காலத்தின் தடம்' என்று போற்றி வைப்பவன் கரை சேரமாட்டான். எனவே, நீரை உள்ளே விடும் பழுது வேறு, நினைவை மட்டும் வைத்திருக்கும் வடு வேறு என்று பிரித்துக்கொள்ளலாம் என மாமாவுக்கு எழுதினேன்.

எழுதி அனுப்பிய பிறகே, அப்பிரிவு எவ்வளவு எளிதாக உடைந்து போகும் என்பது எனக்கு உறைத்தது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எண்ணிப் பார்க்கலாம். 1981 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரியுண்ட அக்கட்டடத்தைப் புதுக்குவது பற்றிப் பேச்சு எழுந்தபோது, எரிந்த சுவர்களை அவ்வாறே சாட்சியாக விட்டுவைத்து நூலகத்தை வேறிடத்திற் கட்டுக என்றோரும் இருந்தனர். நூலகம் மீண்டும் நூலகமாதலே தகும் என்றோரும் இருந்தனர். இறுதியில் அது வெண்மையாக எழுந்தது. இன்று அங்கே அமர்ந்து பரீட்சைக்குப் படிக்கும் மாணவருக்கு மேசையும் விளக்கும் வேண்டும். கரிபடிந்த சுவர் அவற்றைத் தராது. ஆயினும், அவ்வெண்மையைப் பார்த்து வளரும் ஒருவன், இங்கு எதுவும் நடக்கவில்லை என்று எண்ணிக்கொள்ள இடமுண்டாயின், அங்கே ஒரு பழுது மறைக்கப்பட்டிருக்கிறது. கறை நினைவை மட்டும் வைத்திருந்த வடுவா, நீரை உள்ளே விட்ட துளையா? இரண்டும் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டுக் கதையொன்றும் உண்டு. 1987 ஆம் ஆண்டு வடமராட்சியில் நடந்த இராணுவ நடவடிக்கையின்போது அம்மம்மாவின் வீட்டு மேற்குச் சுவரெங்கும் செல் துண்டுகள் பாய்ந்து பள்ளம் பள்ளமாகிவிட்டது. பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. போர் முடிந்த பின் அம்மா மேசனை அழைத்துப் பூசுவித்தார். அக்குழிகளைப் பார்த்துக்கொண்டே குசினியில் நிற்க இனித் தன்னால் ஏலாது என்றார். இப்பொழுது நான் இதனை நினைக்கும்போது, சுவருக்குச் சாட்சி சொல்லும் கடமை இருக்கலாம்; ஆனால் அச்சுவரோரம் சமைத்து உண்டு உறங்குபவரை அருங்காட்சியகக் காவலராக இருக்கும்படி நாம் வற்புறுத்த முடியாது என்றே படுகிறது. தூரத்திலிருந்து வடுக்களைப் போற்றுவோர் பெரும்பாலும் அவற்றோடு வாழாதவர்கள்.

அம்மம்மா மேசனைத் தடுக்கவில்லை. ஒரேயொரு குழியை மட்டும், அடுப்புக்கு அருகில் இருந்ததை, விடச் சொன்னார். "அதை விடு தம்பி, நெருப்புப்பெட்டி வைக்க உதவும்" என்றார். இன்றும் நெருப்புப்பெட்டி அங்கேதான் இருக்கிறது. அவர் அதனை நினைவுச் சின்னமாகக் கருதினாரா, வசதியாகக் கருதினாரா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்னை விசித்திரமாகப் பார்த்திருப்பார். ஆனால் நான் கற்ற எந்த நூலிலும் காணாத விடையொன்று அக்குழியில் இருக்கிறது. மறைத்தல், பேணுதல் என்னும் இரு வழிகளுக்கு அப்பால், வடுவை வீட்டுப் பாவனைக்குள் சேர்த்துக்கொள்ளும் மூன்றாவது வழி அது.

மறைத்தல் எப்போதும் குற்றமாகாது. படகை விற்க முனைபவன் அரித்த குழிகளை வர்ணத்தால் மூடினால் அது வஞ்சனை. வாங்குபவனின் உயிர் அதில் இருக்கிறது. தன் பாவனைக்கு வைத்திருப்பவன் மூடினால் அது அவன் விருப்பம். அப்படியாயின், யாரிடமிருந்து மறைக்கிறோம், அவருக்கு அதனை அறியும் உரிமை உண்டா என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும். மாமாவின் படகிற் கோடு கீறியவர் யாரென்று தெரியாது, விற்றவருக்கும் தெரியாதாம். முகமறியாத ஒருவரின் பதினான்கு கோடைகளுக்கு என் மாமா எவ்வாறு பொறுப்பாளி ஆவார்? சட்டப்படி ஆகார். ஆனால், தம் தகப்பனின் வள்ளம் என்னவாயிற்று என்றே அறியாத ஒருவர், இன்னொருவரின் தகப்பனது வள்ளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லிவிட முடியுமா? அந்த வள்ளத்திலும் அம்மப்பா ஏதேனும் கீறி வைத்திருக்கக்கூடும். அதை வாங்கியவனோ எடுத்தவனோ அதற்கு மேல் தார் பூசியிருக்கவும் கூடும்.

மாமா படகை இறக்க நினைத்திருப்பது சிம்கோ ஏரியில். அந்த ஏரியும் அதன் வடக்கேயுள்ள சிற்றேரியும் சந்திக்கும் ஒடுக்கத்தில், ஆதிக்குடிகள் மீன் மறிக்க நட்ட மரக்கம்புகள் நீருக்கடியில் இன்னும் இருக்கின்றன. அவற்றுள் பழையன ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமையுடையன. 1971 என்று கீறியவரும் ஓரிடத்துக்குப் பிந்தி வந்தவரே. மாமா அவருக்கும் பிந்தியவர். இதனை நான் சொன்னபோது அவர் சிரித்தார்.

சென்ற மாதம் அவர் படங்கள் அனுப்பியிருந்தார். உட்புறம் முழுவதும் சாம்பல் நிற வர்ணம். முன்னிருக்கையின் கீழே ஒரு முழ நீளத்துக்கு மட்டும் வெறும் உலோகம். அங்கே வர்ணமுமில்லை, பசையுமில்லை. 1984 என்பதற்குக் கீழே கொஞ்ச இடம் இருக்கிறது. மகன் தன் பெயரை அங்கே தமிழிற் கீறலாமா என்று கேட்டானாம். முதலில் மீன் பிடி என்று மாமா சொன்னாராம். படகினுள் மறுபடியும் தண்ணீர் விட்டுப் பார்த்ததில் நாற்பத்தொரு வட்டங்களில் ஒன்று மட்டும் இன்னும் ஒழுகுகின்றது. அந்த ஆணி எங்கே இருக்கிறதென்றால், சரியாக அக்கோடுகள் கீறிய தகட்டின் ஓரத்தில். அதனைத் துளைத்தெடுத்தால் 1973 போய்விடும்.