இழப்பும் இன்மையும்: மைக்கேல் ஜாக்சனின் ‘சைல்ட்ஹுட்’ பாடலை முன்வைத்து

முன்னுரை

ஒன்றைப் பெற்றிருந்தவரே அதனை இழக்க இயலும். அவ்வாறாயின், ஒருபோதும் பெறாத ஒன்றை இழந்ததாக ஒருவர் வருந்துவது பொருந்துமா? அமெரிக்கப் பாடகர் மைக்கேல் ஜாக்சன் (1958-2009) இயற்றிப் பாடி 1995இல் வெளியிட்ட ‘சைல்ட்ஹுட்’ என்னும் பாடல் இவ்வினாவை எழுப்புகிறது. தம் குழந்தைமையைத் தேடும் ஒருவரின் குரலாக அமைந்த அப்பாடலின்வழிப் புலனாகும் அறச்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாடலின் பின்புலம்

இந்தியானா மாநிலத்தின் எஃகு ஆலை நகரான கேரியில் பிறந்த ஜாக்சன், தமையன்மார் நால்வருடன் சிறுவயதிலேயே மேடையேறினார். அக்குழுவின் பாடல் 1970 சனவரியில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பெற்றபோது அவருக்கு வயது 11. ஒலிப்பதிவுக் கூடத்திற்கு எதிரேயிருந்த பூங்காவில் பிற குழந்தைகள் விளையாடியதை ஏக்கத்துடன் நோக்கியதை அவர் 1988இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். தெருவின் ஒருபுறம் விளையாட்டு, மறுபுறம் தொழில் என்னும் இம்முரணே பாடலின் கரு எனலாம்.

இழப்பும் இன்மையும்

புறநானூற்றின் 243ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார், மருதமரக் கிளையேறி மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிவந்த இளமையை இருமலுக்கிடையே எண்ணி இரங்குகிறார். அவர் இழந்தது அவர் துய்த்தது. அதனைக் கவர்ந்தது காலம். எனவே அங்கு இரக்கம் உண்டு; குற்றச்சாட்டு இல்லை. ஜாக்சனின் பாடலிலோ நினைந்து மகிழ இளமை இல்லை. அது காலத்தால் கழிந்ததன்று, மனிதரால் மறுக்கப்பட்டது. ஆகவே இரங்கல் இங்கு முறையீடாகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் உரியதாகலின், பெறாத குழந்தைமையையும் இழப்பு எனக் கூறுதல் தகும்.

கடன்பட்டோர் யாவர்?

கடுமையாகப் பயிற்றிய தந்தை முதற்கண் நினைவுக்கு வருவார். எனினும் அவர் எஃகு ஆலைத் தொழிலாளி. ஒன்பது மக்களைச் சிறு வீட்டில் வளர்த்தவர். வறுமையிலிருந்து மீள இசையையே வழியாகக் கண்டார். சிறுவனும் பாடுவதை விரும்பினான். ஆனால் கலையில் ஒரு குழந்தை காணும் இன்பம், அக்கலையைச் சூழ்ந்த நிபந்தனைகளுக்கு அது தந்த இசைவு ஆகாது. அக்குரலில் மகிழ்ந்த கேட்போரும் இக்கடனில் பங்குடையவரே.

சட்டம் இக்கடனை ஓரளவே உணர்ந்துள்ளது. குழந்தை நடிகர் ஜாக்கி கூகன் தம் வருவாயைத் தாயும் அவருடைய இரண்டாம் கணவரும் செலவழித்ததாக 1938இல் வழக்குத் தொடுத்தார். 1939இல் கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 14 வயதிற்குட்பட்டோரைப் பணியமர்த்துவதைத் தடைசெய்தபோதும் குழந்தைக் கலைஞர்க்கு விலக்களித்தது. 2017ஆம் ஆண்டு விதிகள் பணிநேரத்தை நாளொன்றுக்கு 5 மணியாக வரையறுத்து, வருவாயில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வைப்பிடப் பணித்தன. பணத்தை வைப்பாக இட்டுப் பின்னர்ப் பெறலாம். விளையாட்டை அவ்வாறு பெற இயலாது.

விளக்கமும் விலக்கும்

தம் நடத்தையை எள்ளுவோர் முதலில் அதன் வேரை அறிய வேண்டும் எனப் பாடல் வேண்டுகிறது. சிறுவர் தொடர்பான குற்றச்சாட்டு 1993இல் எழுந்து, 1994இல் பண உடன்பாட்டில் முடிந்த பின்னர் வெளிவந்த பாடல் இது. வேறொரு வழக்கில் 2005இல் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்றது. 2019இல் ஓர் ஆவணப்படம் புதிய குற்றச்சாட்டுகளை முன்வைத்தது. இந்நிலையில் பாடலின் வேண்டுகோளை எவ்வளவு ஏற்பது? ஒருவர் செயலுக்குக் காரணம் காட்டுவது விளக்கம். பொறுப்பினின்று விடுவிப்பது விலக்கு. முன்னது பின்னதாகாது. தம் குழந்தைமை பறிபோனது என்பது பிறர் குழந்தைமைக்குத் தீங்கிழைக்க எவர்க்கும் உரிமை தாராது. அதேபோல், வளர்ந்தவர்மீது ஐயம் எழுந்தது என்பதால் 11 வயதுச் சிறுவனின் முறையீடும் பொய்யாகாது. இவ்விரண்டும் தனித்தனிக் கணக்குகள். ஒன்றைக்கொண்டு மற்றொன்றைத் தீர்த்தல் இயலாது.

முடிவுரை

பெறாத குழந்தைமையும் இழப்பே என்பதும், அவ்விழப்பு பரிவுக்குரியதேயன்றிப் பொறுப்பினின்று விலக்குத் தருவதன்று என்பதும் இவ்வாய்வால் பெறப்படும். வளர்ந்தவர்க்கு அக்கடனைத் திருப்பித்தர ஒருவராலும் இயலாது. இன்று மேடையில் நிற்கும் குழந்தைக்கு அதனை உரிய காலத்தில் செலுத்துவதே எஞ்சியுள்ள அறம்.