ஏற முடியாதவர்க்கும் மலை உண்டு

திருவட்டாற்றில் ஆதிகேசவப் பெருமாள் கோயிலின் மதிலோரம் நின்று வடகிழக்கே நோக்குகிறவர்களுக்கு, தென்னஞ்சோலைகளுக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்கும் அப்பால், மேற்குத் தொடர்ச்சி மலை அடுக்கடுக்காக எழுந்து மேகத்தோடு கலந்து நிற்பது தெரியும். பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு பிறக்கும் காடுகளும், பெருஞ்சாணிக்கு மேலே பரளியாறு பிறக்கும் காடுகளும், சற்றேறக்குறைய 402 சதுர கிலோமீட்டர் பரந்த கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமும், அதற்கும் வடக்கே அகத்திய முனிவர் வாசம் செய்வதாக நம் முன்னோர் போற்றிய பொதிகையும் அந்த அடுக்குகளிலேதான் இருக்கின்றன. இம்மலைகளின் அடிவாரத்தில் பிறந்து, இவற்றின் நீரையே குடித்து வளர்ந்தும், கால் வழங்காமையாலோ, மூட்டு வலியாலோ, பக்கவாதத்தாலோ, முதுமையாலோ இவற்றின்மேல் ஓர் அடிகூட எடுத்து வைக்க இயலாதவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மலையின் அநுபவத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா, உண்டென்றால் அது முழுப் பங்கா அல்லது பிறர் இரங்கிக் கொடுக்கும் குறைப் பங்கா என்ற கேள்வி, மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் உல்லாசப் பயணத்தைப் பற்றியதுபோலத் தோன்றினாலும், ஆழ்ந்து பார்த்தால் அருளுக்கும் முயற்சிக்கும் உள்ள உறவைப் பற்றிய பழைய சமயக் கேள்வியே ஆகும்.

முயற்சியின் பக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மலைக்கும் தபஸுக்கும் நம் நாட்டில் தொன்றுதொட்டு உறவு உண்டு. விரதம் பூண்டு இருமுடி சுமந்து சபரிமலை ஏறுகிறவரும், மூங்கில் தடியை ஊன்றி வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளைக் கடக்கிறவரும், தேகத்தின் சிரமத்தையே காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். எங்கள் கன்னியாகுமரிப் பகுதியிலோ மகா சிவராத்திரியை ஒட்டிக் காவி உடுத்து, பனையோலை விசிறியைக் கையில் ஏந்தி, சிவனைக் காண ஓடும்போதே ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவிக்கொண்டு, முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரையில் பன்னிரண்டு ஆலயங்களை 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி ஓடியும் நடந்தும் தரிசிக்கும் சிவாலய ஓட்டம் நடைபெறுகிறது. கால் கொப்புளித்து விடியற்காலையில் வந்து சேரும் அந்த அடியார்களின் வியர்வைக்கு முன் தலை வணங்காமல் இருக்க என்னால் முடியாது.

ஆயினும், சிரமம் பக்திக்கு ஓர் அடையாளம் என்று சொல்வதற்கும், சிரமப்படாதவனுக்குத் தரிசனம் இல்லை என்று சொல்வதற்கும் இடையே பெரும் பேதம் இருக்கிறது. 2001ஆம் ஆண்டில் பார்வையற்ற எரிக் வைஹென்மாயர் எவரெஸ்ட்டின் உச்சியில் நின்றார். 2013இல், ஒரு காலை இழந்த நம் நாட்டுப் பெண் அருணிமா சின்ஹா அதே உச்சியை அடைந்தார். உலகம் வியந்தது, வியக்க வேண்டியதுதான். ஆனால் அந்த அற்புதமான வைராக்கியத்தை எடுத்து அளவுகோலாக்கி, ‘அவர்களால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை?’ என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் நீட்டுவோமானால், வீரத்தைப் போற்றுவதாக எண்ணிக்கொண்டு கொடுமையைச் செய்தவர்களாவோம். சிவாலயங்களுக்கு ஓட இயலாதவர்கள் இக்காலத்தில் வாகனத்தில் ஏறி அதே பன்னிரண்டு நடைகளிலும் தொழுது திரும்புகிறார்கள். அவர்களுக்குச் சிவராத்திரி வாய்க்கவில்லை என்று சொல்லத் துணிகிறவர், சிவனுடைய கணக்கைத் தாமே எழுதத் துணிகிறவர் ஆவார்.

நம்முடைய புராண மரபு இந்த விஷயத்தில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். கயிலை மலையைக் காணப் புறப்பட்ட அப்பரடிகள், வடதிசையின் கடும் வழியில் பாதம் தேய்ந்து, கையால் ஊர்ந்து, மார்பால் நகர்ந்து, பிறகு உருண்டு, அதற்கும் உடம்பு இடங்கொடாத நிலையில் கிடந்தபோது, இறைவன் அவருக்குப் புதிய கால்களைக் கொடுத்து மலைமேல் ஏற்றிவிட்டதாகப் பெரிய புராணம் சொல்லவில்லை. அங்கே இருந்த பொய்கையில் மூழ்கச் செய்து, காவிரிக் கரையிலே திருவையாற்றில் எழச் செய்து, அவ்வூரிலேயே கயிலைக் காட்சியைக் காட்டினான் என்றுதான் சொல்லுகிறது. மலையை நோக்கிச் சென்ற பக்தர் சமவெளிக்குத் திரும்பினார். மலை அங்கே அவருக்காகக் காத்திருந்தது.

இதனினும் அணுக்கமான சான்று திருவட்டாற்றுக்கே உரியது. மலைநாட்டுத் திருப்பதிகள் பதின்மூன்றில் ஒன்றாகிய இத்தலத்தைத் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் பதினொரு பாசுரங்களால் பாடியவர் நம்மாழ்வார். அவருடைய தாயார் நாஞ்சில் நாட்டுத் திருப்பதிசாரத்தில் பிறந்தவர் என்பது வைஷ்ணவ மரபு. ஆகையால் அவரை எங்கள் ஊர்ப் பெண்ணின் பிள்ளை என்று கொண்டாடும் உரிமை எங்களுக்கு உண்டு. அந்த மரபே இன்னொன்றையும் சொல்லுகிறது. பிறந்த நாள்தொட்டு அழாமலும் பாலுண்ணாமலும் இருந்த அக்குழந்தையைக் குருகூர்ப் புளிய மரத்தடியில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே பதினாறு ஆண்டுகள் பேச்சும் அசைவும் இன்றி யோகத்தில் அமர்ந்திருந்தவர், பின்னர் வாய் திறந்து பாடியபோதும் அந்த மரத்தடியை விட்டு எங்கும் போகவில்லை. வேங்கடத்தையும் திருவரங்கத்தையும் திருவனந்தபுரத்தையும் திருவட்டாற்றையும் அவர் பாடியது எவ்வாறெனில், அந்தந்தத் தலத்துப் பெருமாள் அவர் இருந்த இடத்துக்கு எழுந்தருளிக் காட்சி கொடுத்துப் பாட்டுப் பெற்றுச் சென்றார் என்பதே. வேங்கடமாகிய மலையைக் காலால் மிதிக்காத ஒருவர் அதை அப்படிப் பாடினார் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நம்பி வருகிற ஒரு சமூகம், மலையை அநுபவிக்கக் கால் இன்றியமையாதது என்று எந்த முகத்தோடு சொல்லும்? அதுமட்டுமல்ல, திருவட்டாற்றுப் பாசுரங்களுக்கு விரிவுரை செய்த ஆசாரியர்கள், பெருமாள் இங்கே ஆழ்வாருடைய சொல்லை எதிர்நோக்கி, அடியவருக்கு வசப்பட்டு நிற்கிறார் என்றே பொருள் விரித்தார்கள். காத்திருப்பவர் பக்தர் அல்லர், பகவான்.

எளிவந்து நிற்கும் இக்குணத்துக்கு வைஷ்ணவர்கள் சௌலப்யம் என்று பெயரிட்டு, எட்டாத மேன்மையாகிய பரத்துவத்தைக் காட்டிலும் அதையே உயிராகப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசநபூஷணத்தில் ஓர் உவமையால் இதை விளக்குகிறார்: தாகத்தால் தவிப்பவனுக்கு, பூமிக்கு அடியில் ஓடும் நீரும், அண்டத்துக்கு அப்பால் சூழ்ந்த நீரும், பாற்கடலும், என்றோ பெருகி வடிந்துபோன வெள்ளமும் உதவமாட்டா, அந்த வெள்ளம் ஆற்றுப் படுகையில் விட்டுச் சென்ற மடுவே உதவும், அந்த மடுதான் கோயிலில் கண்ணுக்கு இலக்காகி நிற்கும் அர்ச்சாவதாரம். மேலும், சரணாகதிக்கு இன்ன தேசம், இன்ன காலம், இன்ன அதிகாரி என்ற நியமம் ஏதும் இல்லை என்றும் அவர் வரையறுத்தார். வேறு கதியின்மையும் கைம்முதலின்மையும் குறைகளாகாமல் தகுதிகளாகவே மதிக்கப்பட்ட அந்தத் தத்துவத்தில், நடக்க இயலாமை என்பது வாசலை அடைக்கும் தடையாக எப்படி இருக்க முடியும்?

இதற்கு ஓர் ஆட்சேபம் எழலாம். ‘உச்சிவரை ஏறினவன் மலையை முழுதும் கண்டான், பஸ்ஸின் ஜன்னல் வழியே பார்த்தவன் ஒரு துண்டைத்தானே கண்டான்?’ என்று கேட்கலாம். விடை எங்கள் கோயிலின் கருவறையில் இருக்கிறது. கடுசர்க்கரை யோகம் என்னும் கலவைச் சாந்தால் அமைந்த ஆதிகேசவர், தெற்கே தலை வைத்து, மேற்கே முகம் திரும்பி, அரவணைமேல் பள்ளிகொண்டிருக்கிறார். அந்த நீண்ட திருமேனியை எவராலும் ஒரு பார்வையில் கண்டுவிட முடியாது. மூன்று வாசல்கள், ஒன்றில் திருமுகம், ஒன்றில் திருமேனியின் நடுப்பகுதி, ஒன்றில் திருவடி. எண்ணெய் விளக்கின் மங்கிய ஒளிக்குக் கண் பழகச் சற்று நேரம் ஆகும். பழகிய பின்னும் தெரிவது அந்த வாசல் காட்டும் அளவே. அரசனுக்கும் ஆண்டிக்கும் இதே நியதிதான். ஒருநாள் மாலை, முதுமையால் கூன் விழுந்த ஓர் ஆச்சி, கருவறைக்கு முன்னுள்ள ஒற்றைக்கல் மண்டபத்தின் மேலே ஏற முடியாமல், கீழேயே நின்று, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே நோக்கிக்கொண்டிருந்தாள். தூக்கிவிடட்டுமா என்று கேட்ட இளைஞனிடம் அவள் சொன்னாள்: “வேண்டாம் மக்ளே, பாதம் கண்டாச்சுல்லா, எனக்கு இது போரும்.” அவளுடைய குரலில் ஏக்கம் இல்லை, நிறைவே இருந்தது. மலையும் அத்தகையதே. உச்சியில் நிற்பவனுக்குப் பள்ளத்தாக்கின் சுனை தெரியாது. பள்ளத்தாக்கில் இருப்பவனுக்கு மறுபுறத்துச் சரிவு தெரியாது. எல்லோரும் ஏதோ ஒரு வாசலில்தான் நிற்கிறோம்.

இன்னும் சொன்னால், அசையாதிருப்பவருக்கென்றே காடு சில வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. மூணாற்றை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்கா, 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடியைத் தன்னகத்தே கொண்டது. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே பார்வையாளரை வனத்துறையின் பஸ்ஸிலேயே ராஜமலைவரை அழைத்துச் செல்கிறார்கள். வேட்டைக்காரர்களின் பேராசையால் அருகிப்போய், செங்குத்தான பாறைகளில் மட்டுமே ஒண்டி வாழ்ந்த வரையாடு, தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய அந்த வரையாடு, அங்கே மனிதரின் பயம் நீங்கிச் சாலையோரப் புல்லை மேய்ந்துகொண்டு தானே அருகில் வருகிறது. அவசரமாக மேலேறிச் செல்பவர் அதன் முதுகைத்தான் காண்பார். ஓரிடத்தில் பேசாமல் அமர்ந்திருப்பவரோ அது அசைபோடுவதையும், குட்டி தாயின் விலாவை முட்டுவதையும், காற்று திரும்பும்போது அது மூக்கை உயர்த்துவதையும் காண்பார்.

அவ்வளவு தூரம் போக இயலாதவர்க்கு, திருவட்டாற்றின் அருகிலேயே மாத்தூர்த் தொட்டிப்பாலம் இருக்கிறது. வறட்சியுற்ற விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களின் வயல்களுக்கு ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குப் பரளியாற்றின் மேலாக நீரைக் கொண்டுசெல்லக் காமராஜர் காலத்தில் முயன்று, 1966இல் கட்டி முடித்த அப்பாலம், 115 அடி உயரத்தில் இருபத்தெட்டுத் தூண்களின்மேல் நிற்கிறது. ஆற்றங்கரையிலிருந்து அதை அடைய நெடும் படி வரிசை உண்டு. ஆனால் ஒரு முனையில் சாலையே பாலத்தின் மட்டத்துக்கு வந்து சேருகிறது. அம்முனையில் வண்டியை விட்டு இறங்கினால் ஏற்றமே இல்லை. தொட்டியை மூடிய பலகைகளின் இடைவெளியில் காலடியிலேயே நீர் ஓசையின்றி விரைவதைக் காணலாம். தென்னைகளின் உச்சி கீழே கிடக்கும். நிமிர்ந்தால் எதிரே மலைகள். உழவனுக்காகக் கட்டிய அந்தச் சமதளம், கட்டியவர் நினையாமலே, கால் தளர்ந்தவர்க்கும் மலையின் உயரத்தைத் தருகிறது.

இவ்வாறு சொல்வதால், ஒவ்வொரு சிகரத்துக்கும் தார்ச்சாலை போட வேண்டும், ஒவ்வொரு குன்றுக்கும் கம்பிவட வண்டி விட வேண்டும் என்று நான் வாதிப்பதாகக் கொள்ளலாகாது. பழனியில் 1966ஆம் ஆண்டிலிருந்து விஞ்ச் வண்டியும், 2004ஆம் ஆண்டிலிருந்து ரோப் காரும் எத்தனையோ முதியவர்களை முருகனிடம் சேர்த்திருக்கின்றன, அது நல்லதே. ஆனால் அது ஊருக்கு நடுவே நிற்கும் கோயில் மலை. யானையும் புலியும் நடமாடும் வனம் வேறு. வரையாடு ஈனும் பருவத்தில் இரவிகுளத்தை ஆண்டுதோறும் எல்லோருக்கும் மூடி வைக்கிறார்கள்; ஓடக்கூடியவனும் அப்போது வாசலில் நிற்க வேண்டியவனே. மலைக்கும் தனிமைக்கான உரிமை உண்டு. நடக்க இயலாதவர் கேட்பதோ மிகச் சிறிது: காட்சி முனையில் நூறு அடிக்குச் சக்கர நாற்காலி உருளத்தக்க சமமான பாதை, பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடி, நிழலில் ஓர் இருக்கை, கழிப்பறையில் ஒரு சரிவு வழி, தாழ்ந்த படியுள்ள ஒரு வண்டி. இவற்றால் ஒரு மரமும் விழ வேண்டியதில்லை.

2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் பேர் ஏதேனும் ஓர் உடல் அல்லது மனக் குறைபாட்டோடு வாழ்கிறார்கள். இக்கணக்கில் சேராமல் வயதினால் மட்டும் கால் தளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டுவிட்டது. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மணல்மேல் மரப் பாதை அமைத்தபோது, வாழ்நாளெல்லாம் கடலைத் தூரத்தில் நின்று பார்த்தவர்கள் முதன்முறையாக அலையின் அருகே சென்றார்கள். சில தினங்களிலேயே புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தபோதும் அது மறுபடி சீர்செய்யப்பட்டது. கடலுக்குச் செய்ய முடிந்ததை மலைக்கும் கோயிலுக்கும் செய்ய முடியாதா?

இங்கேதான் தத்துவம் நம்மை நோக்கித் திரும்புகிறது. ‘அருள் தானே இறங்கி வரும்’ என்று சொல்லிவிட்டு, படிக்கட்டின் அடியில் நிற்பவரைத் திரும்பிப் பாராமல் நாம் மேலே ஏறிச் செல்வது பக்தி ஆகாது. ஆழ்வாரைத் தேடிப் புளிய மரத்தடிக்கு வந்த பெருமாளை வணங்குகிறோமென்றால், அந்த வருகையின் சிறு பகுதியையாவது நம் கைகளால் செய்ய வேண்டும். வனத்துறையும் அறநிலையத் துறையும் செய்ய வேண்டியதை அவை செய்யட்டும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை நீங்கள் மலைக்குப் புறப்படும்போது, வீட்டில் நடக்க முடியாதவர் யாரேனும் இருந்தால், ‘அவரால் முடியாது’ என்று நீங்களே தீர்மானித்துவிடாமல், ‘வருகிறீர்களா?’ என்று அவரைக் கேளுங்கள். வருகிறேன் என்றால், அவரால் போக முடிந்த இடத்தையே உங்கள் பயணத்தின் முடிவிடமாக வைத்துக்கொள்ளுங்கள்.