கொல்லும் கருவியில் கருணை உண்டா?

வேட்டைத் துப்பாக்கிக்கு எத்தகைய தோட்டாவைத் தேர்வது என்னும் வினாவைத் தேக்காவில் வாழும் தமிழர்முன் வைத்தால் நகைப்பே எழும். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம் ஆளும் நாடு இது. இத்தீவின் கடைசிக் காட்டுப்புலியும் 1930இல் சுவா சூ காங்கில் சுடப்பட்டுவிட்டது. ஆயினும் இவ்வினா நமக்கு முற்றிலும் அயலானதன்று. தேக்காவுக்கு மலாயில் வழங்கிய பெயர் கண்டாங் கெர்பாவ். எருமைத் தொழுவம் என்பது அதன் பொருள். கால்நடை வாணிகத்தால் வளர்ந்த வட்டாரம் அது. இன்றும் அங்காடியில் ஆட்டிறைச்சி விற்கும் தமிழ் முஸ்லிம் பெரியவர்களைக் கேட்டால் அறுப்பின் விதிகளைச் சொல்வார்கள்: கத்தி நன்கு கூர்மையாக இருத்தல் வேண்டும், அதை விலங்கின் கண்முன் தீட்டலாகாது, ஒன்றை அறுப்பதை மற்றொன்று காணலாகாது. கொல்வது என்று முடிவான பின்னரும் கருவியைப் பேணுவதில் ஓர் அறம் உண்டு என்பதே இவ்விதிகளின் உட்கிடை. ஆட்டுக்குக் கத்தி எப்படியோ, மானுக்குத் தோட்டா அப்படி.

தமக்கென்றே துப்பாக்கி செய்வித்துக்கொள்ளும் மேலைநாட்டு வேட்டைக்காரருள் சிலர், தொழிற்சாலைகள் செய்து விற்கும் தோட்டாக்களால் நிறைவடைவதில்லை. அவர்கள் நாடுவது 'வைல்ட்கேட்' எனப்படும் காட்டுப்பூனைத் தோட்டா. பெயர்தான் விந்தையே தவிர, செய்முறையில் விந்தை இல்லை. ஏற்கெனவே உள்ள ஒரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, அதன் கழுத்தை அச்சில் அழுத்திச் சுருக்குவர், அல்லது விரிப்பர். தோளின் சரிவை நிமிர்த்தி மருந்துக்கு இடம் கூட்டுவர். அக்கூட்டுக்கு ஏற்பத் துப்பாக்கியின் தோட்டா அறையைக் கடைந்தெடுப்பார் கொல்லர். கடையில் இத்தோட்டா கிடைக்காது. ஒவ்வொன்றையும் சுடுபவரே தம் கையால் நிரப்பவேண்டும். மருந்தைச் சிறுகச் சிறுகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் வெந்த கூட்டை எடுத்து அழுத்தத்தின் தடயம் உண்டா என்று பார்க்கவேண்டும். அளவு தவறினால் துப்பாக்கியே வெடித்துவிடும். இங்ஙனம் பிறந்தவற்றுள் சில பிற்காலத்தில் தொழிற்சாலைத் தோட்டாக்களாகப் பட்டம் சூட்டிக்கொண்டதும் உண்டு. 7 மி.மீ. மௌசர் கூட்டின் கழுத்தைச் சுருக்கிப் பிறந்த .257 ராபர்ட்ஸை ரெமிங்டன் நிறுவனம் 1934இல் ஏற்றது; .22-250ஐ 1965இல் ஏற்றது.

இத்தனை உழைப்பு எதற்கு? இரு விடைகள் உண்டு. விலங்கு நொடியில் வீழவேண்டும் என்பது ஒன்று. வேகம் மிகவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றே எனத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. தோளை நிமிர்த்திக் கூட்டை விரித்தால் வினாடிக்கு 800 மீட்டர் பாயும் குண்டு 830 மீட்டர் பாயும் என்று கொள்வோம். அதன் ஆற்றல் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு கூடும், அவ்வளவே. அந்த வேறுபாட்டை மான் அறியாது. மாறாக, இலேசான குண்டு மிகு வேகத்தில் அருகிருந்து தோளெலும்பில் பட்டால், உள்ளே செல்லாமல் மேற்பரப்பிலேயே சிதறிவிடும். புண் அகலமாக இருக்கும், ஆழமாக இராது. விலங்கு ஓடிவிடும், நாட்கணக்கில் சாகும். வேகத்தை விரும்பியவர் விலங்கை மறந்ததன் பயன் அது.

குண்டின் அறத்தில் ஒரு முரண் உண்டு. கல்கத்தாவை அடுத்த டம் டம் ஆயுதச்சாலையில் 1890களில் செய்யப்பட்ட குண்டு, உடலில் பட்டதும் முனை விரியும். இத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் விலக்கியது. ஆனால் 1991ஆம் ஆண்டின் இங்கிலாந்து மான் சட்டமோ மானைச் சுடும் ரைபிளுக்கு விரியும் முனையுள்ள குண்டையே கட்டாயமாக்குகிறது. மனிதனுக்குக் கொடுமை என விலக்கப்பட்டது மானுக்குக் கருணை என விதிக்கப்படுகிறது! காரணம் எளிது. போரில் காயமுற்றவனுக்கு மருத்துவமனை உண்டு; காட்டில் காயமுற்ற மானுக்கு ஏதும் இல்லை. ஆகவே கருவியின் அறம் கருவிக்குள் இல்லை. அது யார்மேல், எந்நிலையில் பாய்கிறது என்பதில் இருக்கிறது.

நம் முன்னோர் வியந்தது வேறு. வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றையும் உருவி, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடுகிறார். மாணவர்க்கு இப்பாட்டை நடத்தும்போது நாமும் வில்லாண்மையையே போற்றுகிறோம், போற்றுதலும் தகும். ஆனால் இன்றைய வேட்டைக்காரர், குறித்த விலங்கைக் கடந்து குறியாத விலங்கில் பாயும் குண்டை ஆபத்து என்றே கருதுவார்.

தவறிய குண்டின் விலை சிறிதன்று. குமாவூன் மலைப்பகுதியின் சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிட்டனர். 1907இல் அதைச் சுட்டு வீழ்த்திய ஜிம் கார்பெட் அதன் வாயைப் பார்த்தார். வலப்புறக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயமே காரணம் என்றும், இயல்பான இரையைக் கொல்ல இயலாமையாலேயே அது மனிதரை நாடியது என்றும் அவர் எழுதினார். எவரோ ஒருவர் சரியாகச் சுடாததன் கணக்கை மலைச்சிற்றூர்கள் தீர்த்தன. அப்புலியைக் கொன்றதற்காகக் கார்பெட்டுக்குப் பரிசளிக்கப்பட்ட துப்பாக்கி .275 ரிக்பி. அதன் தோட்டா வேறன்று. மேலே சொன்ன 7 மி.மீ. மௌசரேதான்.

அப்படியானால் தேர்ந்த தோட்டாவும் தவறாத குறியும் இருந்தால் வேட்டை அறமாகிவிடுமா? கொல்லாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் இதை ஏற்கமாட்டார். அவர் பக்கம் நின்று வாதிட ஆப்பிரிக்காவிலிருந்தே சான்று கிடைக்கிறது. டபிள்யூ.டி.எம். பெல் என்னும் தந்த வேட்டைக்காரர் யானையின் மண்டையோட்டை அறுத்து மூளையின் இடத்தை ஆராய்ந்தார். பெருங்குழல் துப்பாக்கிகளை விடுத்து, பெரும்பாலும் அதே .275 தோட்டாவால் சுட்டார். தனித்தனியே நோக்கினால் அவ்யானைகள் அடைந்தது விரைந்த சாவு. ஆனால் அவர் கொன்றவை ஆயிரத்துக்கும் மேல். கருவியும் கல்வியும் கூர்மையானதால் ஒவ்வொரு யானையின் துன்பமும் குறைந்தது. இறந்த யானைகளின் தொகையோ பெருகியது. கூரிய கத்தி ஆட்டுக்குச் செய்யும் நன்மை ஆட்டுமந்தைக்குச் செய்யும் நன்மையாகாது. இந்த எதிர்வாதத்தை என்னால் மறுக்க இயலவில்லை.

எனினும் கருவியைத் தேர்வதில் காட்டும் அக்கறை வெறும் மனச்சமாதானம் என்று தள்ளிவிடவும் மாட்டேன். உணவுக்கோ பயிர்க்காப்புக்கோ சுடுபவர் உலகில் இருக்கும்வரை, நன்றாகச் சுடுவதும் தீதாகச் சுடுவதும் ஒன்றாகா. தம் கையால் தோட்டா நிரப்பி, நூறு முறை தாளில் சுட்டுப் பார்த்தவர், பெட்டியோடு வாங்கிக் காட்டுக்குள் நுழைபவரைக் காட்டிலும் தம் துப்பாக்கியை அறிந்தவரே. அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தோட்டாவைத் தேர்ந்தபோது முதலில் எழுந்த வினா எது? 'எந்த விலங்கு, எவ்வளவு அருகே?' என்பதா, 'எவ்வளவு வேகம், எவ்வளவு தொலைவு?' என்பதா?

ஏனெனில் வேகமான தோட்டா தொலைவைத் தூண்டும். நூறு கெஜத்துக்குள் தவழ்ந்து சென்று சுட்டிருக்க வேண்டியவர் ஐந்நூறு மீட்டரிலிருந்தே சுட முனைவார். அத்தொலைவைக் கடக்க விரைந்த குண்டுக்கும் அரை வினாடிக்கு மேலாகும். விசையை இழுத்தபோது அசையாது நின்ற மான், அதற்குள் புல்லைத் தேடி ஓரடி முன்வைத்திருக்கும். நெஞ்சுக்கு விடுத்த குண்டு வயிற்றில் பாயும்.