மறைவும் குற்றமும்

பொதுச் சமூகத்தின் பார்வைக்குத் தப்பி இயங்கும் வாழ்க்கையைத் தமிழக இதழ்கள் ‘நிழல் உலகம்’ என்றும், இலங்கைத் தமிழ் நாளேடுகள் ‘பாதாள உலகம்’ என்றும் எழுதுகின்றன. இவ்விரு தொடர்களும் கொலையையும் கடத்தலையுமே நினைவூட்டுவதால், மறைந்திருப்பது எதுவாயினும் குற்றமுடையதே என்னும் தீர்ப்பு சொல்லோடு சேர்ந்தே மனத்தில் பதிந்துவிடுகிறது. மறைவு தன்னளவிலேயே தீமையா, அன்றி மறைப்பதன் நோக்கமே அதனை நன்றாகவோ தீதாகவோ ஆக்குகிறதா என்னும் வினாவுக்குத் தமிழ் மரபு தரும் விடை வேறானது.

நிழல் என்பது வெயிலின் கொடுமைக்கு ஒதுங்கும் இடமாதலின், பக்தி மரபில் ‘திருவடி நிழல்’ என்பது உயிர் இளைப்பாறும் வீடுபேற்றைக் குறித்தது. பாதாளமும் குற்றவாளிகளின் இருப்பிடம் அன்று. புராணங்கள் கூறும் கீழுலகங்கள் ஏழனுள் ஒன்றாகிய அது, தண்டனைக்குரிய நரகத்தினின்றும் வேறானது. அங்குச் சென்று மீண்ட நாரதர், அது துறக்கத்தினும் இனியது என்று வானவரிடம் உரைத்ததாக விஷ்ணு புராணம் கூறுகிறது.

களவு என்னும் சொல்லில் இவ்வினா இன்னும் கூர்மை பெறுகிறது. திருட்டையும், பிறர் அறியாமல் தலைவனும் தலைவியும் கூடும் ஒழுக்கத்தையும் அச்சொல் ஒருங்கே குறிக்கிறது. சிவபெருமான் அருளியதாகக் கருதப்படும் இறையனார் களவியலுக்கு எழுந்த உரை, தீயதன் பெயரால் நல்லொழுக்கத்தைச் சுட்டுவது தகுமா என்னும் தடையை எழுப்பி, உறவினரோடு பிணங்கி நஞ்சுண்டு சாகக் கருதிய ஒருத்தி கூட்டிவைத்த நஞ்சை, அருளுடையான் ஒருவன் அவள் காணாமல் எடுத்துச் சென்று கொட்டிவிட்ட நிகழ்ச்சியை எடுத்துக்காட்டாகத் தருகிறது. அதுவும் களவே, ஆயினும் அது ஓர் உயிரைக் காத்தமையால் நன்மையாயிற்று.

இலக்கணமும் மறைபொருட் பேச்சைக் குற்றமாகக் கொள்ளவில்லை. ஒரு குழுவினர் பிறர் அறியாவாறு தமக்குள் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி எனப் பெயரிட்டு, தகுதி வழக்கின் மூவகையுள் ஒன்றாக நன்னூல் ஏற்றுக்கொண்டது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் உரைகாரர் காட்டும் சான்றுகள். உண்டவனைப் பேசவைக்கும் பொருளுக்குச் சொல்விளம்பி என்று பெயரிட்டவர்களின் நகைச்சுவையும் அதில் பதிந்துள்ளது.

பொதுச் சமூகத்துக்கு ‘வெளியே’ என்பதன் எல்லையும் ஒருவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தே அமைகிறது. சைவ சித்தாந்தம் சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நான்காக வகுத்தபோது, வேதத்தை ஓதிச் சமூகத்தில் மதிப்புற்றிருந்த மீமாஞ்சகரையும் ஏகான்மவாதிகளையும் புறச்சமயத்தாராகவும், மண்டையோடு ஏந்திச் சுடுகாட்டில் திரிந்த காபாலிகரை அகப்புறச் சமயத்தாராகவும் வைத்தது. ஊரின் விளிம்பில் இருந்தவர், சிவனை முதல்வனாகக் கொண்டமையால், இவ்வகைப்பாட்டில் நடுவுக்கு அணுக்கராயினர்.

இறைவனின் ஐந்தொழில்களுள் மறைத்தலையும் ஒன்றாகச் சைவ சித்தாந்தம் கொண்டது இங்கு எண்ணத்தக்கது. உயிரைப் பற்றிய ஆணவமலம் பக்குவப்படும்வரை இறைவன் தன்னை மறைத்து, உலக நுகர்ச்சியில் அவ்வுயிரைச் செலுத்துகிறான். அம்மறைப்பும் அருளின் ஒரு வகையே என்பர். கூத்தப்பெருமானின் தூக்கிய திருவடி அருளலைக் குறிக்க, ஊன்றிய திருவடியே மறைத்தலைக் குறிக்கிறது. நஞ்சை மறைவாக எடுத்துக் கொட்டியவன் செயலையும் இறைவன் தன்னை மறைக்கும் செயலையும் மரபு ஒரே அளவுகோலால் அளக்கிறது: மறைவினால் உயிர் பெறும் பயன் யாது என்பதே அது. ‘நிழல் உலகம்’ என்னும் இக்காலத் தொடரோ, அந்த வினாவுக்கு இடமளியாமலே தீர்ப்பை வழங்கிவிடுகிறது.