பிள்ளைகளின் சண்டையும் பெற்றோரின் தீர்ப்பும்

 

பிள்ளைகள் உள்ள வீட்டில் சண்டை இல்லாமல் இராது. பேனாவுக்காக ஒரு சண்டை. பலகாரத்துக்காக ஒரு சண்டை. களைத்து வீடு திரும்பும் வாப்பா என்ன செய்கிறார்? "நீ மூத்தவன், விட்டுக்கொடு!" என்று ஓர் அதட்டல், சில நேரம் ஓர் அடி. சத்தம் அடங்கிவிடுகிறது. ஆனால் மூத்தவன் சொல்ல வந்த சொல் அவன் நெஞ்சிலேயே தங்கிவிடுகிறது.

ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்கள் 40 இரவுகளுக்குப் பின் தூர் மலையிலிருந்து திரும்பினார்கள். சமூகத்தாரோ காளைக்கன்றை வணங்கியிருந்தனர். பொறுப்பை ஏற்றிருந்த சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களின் தலையைப் பிடித்துக் கோபத்தோடு இழுத்தார்கள். ஹாரூன் (அலை) அவர்கள் கை ஓங்கவில்லை. வாய்மூடி நிற்கவும் இல்லை. தம் தாயின் மகனே என உறவைச் சொல்லி அழைத்தார்கள். மக்கள் தம்மைக் கொல்லவும் துணிந்ததையும், சமூகம் பிளவுபடுமோ எனத் தாம் அஞ்சியதையும் எடுத்துரைத்தார்கள். மூஸா (அலை) அவர்கள் செவிமடுத்தார்கள். பிறகு தமக்கும் தம் சகோதரருக்கும் சேர்த்தே மன்னிப்புத் தேடி துஆச் செய்தார்கள். அல் அஃராஃப், தாஹா சூராக்களில் இதனைக் காணலாம்.

ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, இரு தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். நாட்டு வழக்குக்குரிய இந்த நீதி வீட்டு வழக்குக்கு வேண்டாமா?

ஆகவே, கோபத்தில் நிற்கும் பிள்ளைகளை முதலில் உட்கார வையுங்கள். கோபம் வந்தவர் நின்றால் அமரட்டும் என்பது நபிமொழி. ஒருவன் பேசும்போது மற்றவன் குறுக்கிடக்கூடாது. பிறகு, "காக்கா என்ன சொன்னான்? நீ சொல் பார்ப்போம்" என்று தம்பியிடம் கேளுங்கள், தம்பி சொன்னதை மூத்தவனும் சொல்லட்டும். அதன்பின், "இப்போது என்ன செய்யலாம்?" என்று இருவரிடமுமே கேளுங்கள். பட்டப்பெயரும் ஏளனமும் மட்டும் வேண்டாம். அல் ஹுஜுராத் சூரா அவற்றைத் தடுக்கிறது. முடிவில் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லட்டும்.

சொத்துப் பிரிவினையில் ஆண்டுக்கணக்கில் முகம் பாராமல் வாழும் சகோதரர்களை நாம் காணவில்லையா? சகோதரனை 3 நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்குவது ஆகுமானதல்ல என்று அறிந்தவர்கள்தாம் அவர்களும். பேசவும் கேட்கவும் சிறு வயதில் பழகியிருந்தால் அந்நிலை வந்திருக்குமா?

வல்ல அல்லாஹ் நம் மக்களின் உள்ளங்களை இணைத்து வைப்பானாக! ஆமீன்.