ஒன்றுபோல் இருக்கும் இரண்டு போல்ட்டுகள்

நல்லபடி நடந்துகொள்ள ஒரு சாட்சி வேண்டுமா என்பது பழைய கேள்வி. மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சமயங்கள் அதற்குப் பதில் சொல்லிவிட்டன. எனக்கு அந்தக் கேள்வி சமீபகாலமாக எதிர்ப்படும் இடம் அமெரிக்காவில் ஒரு கார் ஷெட். நண்பர் ஒருவர் அங்கே இரண்டு பேர் அமரக்கூடிய அலுமினிய விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமைகளில் நான் போய், அவர் ரிவெட் அடிக்க, தகட்டின் மறுபக்கத்தில் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிப்பேன். "ரெண்டு பேருக்கும் மரை கழண்டுபோச்சு" என்பது வீட்டில் எங்களுக்குக் கிடைத்திருக்கும் சான்றிதழ். மரை கழலாமல் இருப்பதுதான் அங்கே முழுநேரக் கவலையே.

வீட்டில் விமானம் கட்டுவது அங்கே சட்டப்படியான காரியம். எஃப்ஏஏ எனப்படும் விமானப் போக்குவரத்து நிர்வாகம் இதற்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறது. விமானத்தின் பெரும்பகுதியை, தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் அதில் இறங்கியவர்கள் உருவாக்கியிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. போயிங்கோ செஸ்னாவோ விற்கும் விமானத்தில் அங்கீகாரம் பெற்ற பாகங்களைத்தான் போட முடியும். இதில் அப்படியில்லை. இறக்கைக்குள் எந்த போல்ட்டைப் போடுகிறாய் என்று கேட்கும் விதி கிடையாது. முடிந்த விமானத்தை ஆய்வாளர் ஒருவர் வந்து பார்ப்பார். ரிவெட் அடித்து மூடிய இறக்கைக்குள் அவருடைய கண் அதிகம் போகாது. அதன்பிறகு ஆண்டுதோறும் செய்யவேண்டிய பரிசோதனையையும், உரிய சான்றிதழ் வாங்கிக்கொண்டால், கட்டியவரே செய்து கையெழுத்துப் போடலாம். செய்பவரும் சரிபார்ப்பவரும் ஒருவரே.

போன ஆண்டு ஒரு போல்ட் எங்களை நிறுத்தி வைத்தது. கையிலிருந்தது ஓர் அளவு குட்டை. விமான போல்ட்டுகளின் பெயரிலேயே ஜாதகம் இருக்கும். ஏஎன்3-5ஏ என்றால், 3 என்பது குறுக்களவு, பதினாறில் மூன்று அங்குலம். 5 என்பது நீளம், ஏறத்தாழ எட்டில் ஐந்து அங்குலம். கடைசி 'ஏ' போல்ட்டின் முனையில் பின் செருகும் துளை இல்லை என்பதற்கு. எங்களுக்கு வேண்டியதை வரவழைத்தால் போல்ட்டின் விலையைவிட அனுப்பும் கூலி அதிகம். நாலு நாள் காத்திருக்கவும் வேண்டும். ஹார்டுவேர் கடையோ பத்து நிமிட தூரம்.

நண்பர் அங்கிருந்து கொண்டுவந்த போல்ட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இதப் பாருங்க, கிரேடு எட்டு. கணக்குப்படி அதைவிட இது பலம். எதுக்கு நாலு நாள் சும்மா உக்காந்திருக்கணும்?"

கணக்கு சரிதான். ஏஎன் போல்ட்டின் இழுவிசை வலிமை சதுர அங்குலத்துக்கு 1,25,000 பவுண்டு. கிரேடு எட்டுக்கு 1,50,000. ஆனால் இறக்கைக்குள் இருக்கும் போல்ட்டைப் பெரும்பாலும் யாரும் நீளவாக்கில் இழுப்பதில்லை. இரண்டு தகடுகள் அதைக் குறுக்கே வெட்டப் பார்க்கின்றன. அந்த இடத்தில் மரையில்லாத வழுவழுப்பான உடல் இருக்க வேண்டும். ஏஎன் போல்ட்டில் மரை நுனியில் கொஞ்சம்தான். நடு உடலின் நீளம் தகடுகளின் தடிமனுக்குப் பொருந்தும்படி தேர்ந்தெடுக்கிறோம், மிச்சத்தை வாஷர் சரிக்கட்டும். கடை போல்ட்டில் மரை பெரும்பாலும் பாதி உடல்வரை ஏறியிருக்கும். வெட்டுவிசை விழும் இடத்தில் மரை வந்தால் குறுக்குப் பரப்பு குறைகிறது. அலுமினியத் துளையை மரை அரம்போல அராவவும் செய்யும். இன்னொன்று, எஃகின் கடினத்தை ஏற்ற ஏற்றப் பொதுவாக அதன் நெகிழ்வு குறையும். உடைவதற்கு முன்னால் வளைந்து காட்டும் பொருளுக்கு விமானத்தில் தனி மதிப்பு உண்டு. வளைவைப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம்.

அச்சாணி பற்றிய குறள் எல்லோருக்கும் தெரியும். அங்கே பேச்சு, சிறிதாக இருப்பதை இகழ்வது பற்றி. என் சிக்கல் வேறு. இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன. கண்ணால் பார்த்து எது எது என்று சொல்ல முடியாத நிலையில் பொறுப்பு என்பது என்ன?

1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து மலாகா புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், 17,000 அடிக்கு மேலே விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவரைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். அத்தனை பேரும் பிழைத்தார்கள், கேப்டன் உட்பட. அதற்கு முன்னர் ஓர் இரவுப் பணியில் கண்ணாடியை மாற்றியபோது போட்ட 90 போல்ட்டுகளில் 84 குறுக்களவில் 0.026 அங்குலம் சிறியவை என்று விசாரணையில் தெரிந்தது. அதாவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மாற்றியவர் அனுபவசாலி. பாகங்களின் பட்டியலைப் பார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டோடு புதியதைக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருந்தார். அந்தப் பழையவையே குறிப்பிட்ட வகையைச் சேர்ந்தவை அல்ல என்பது இன்னொரு சங்கதி.

அப்படியானால் காகிதத்தை நம்பலாமா? 1989 செப்டம்பரில் ஆஸ்லோவிலிருந்து ஹாம்பர்க் போன பார்ட்னேர் நிறுவன விமானம் டென்மார்க் கரைக்கு அருகே கடலில் விழுந்து 55 பேரும் இறந்தார்கள். செங்குத்து வாலை உடலோடு பிணைத்த போல்ட்டுகளில் போலிகள் இருந்தன, அவற்றுக்கு வேண்டிய வலு இல்லை என்றது விசாரணை. கிரேடு எட்டு என்று தலையில் பொய்க்குறி பொறித்த போல்ட்டுகள் 1980களில் அமெரிக்கச் சந்தையில் புழங்கியதால்தான், 1990இல் போல்ட்டுகளின் தரத்துக்கென்றே அங்கே ஒரு சட்டம் வந்தது.

ஆக, கண்ணும் ஏமாறும், முத்திரையும் பொய் சொல்லும். ஆனாலும் இரண்டும் ஒரே கணக்கல்ல. விமான போல்ட்டை வாங்கும்போது நான் காசு கொடுப்பது எஃகுக்கு மட்டுமல்ல. எந்த வார்ப்பு, யார் சோதித்தார்கள், யார் விற்றார்கள் என்று பின்னோக்கிப் போய்க் கேட்கக்கூடிய ஒரு சங்கிலிக்கும் சேர்த்துத்தான். சங்கிலியில் ஒருவன் பொய் சொன்னால், பொய் சொன்னவன் என்று ஒருவன் இருப்பான். கடை டப்பாவிலிருந்து அள்ளிய போல்ட் உடைந்தால் அப்படிக் கேட்க ஆளே இல்லை. அது நல்ல போல்ட்டாகவே இருந்திருக்கலாம், ஆனால் எனக்கு அது தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் வைத்து மூடுவதுதான் இங்கே தவறு என்று எனக்குப் படுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பறக்கப்போவது அவர், விழுந்தால் போவதும் அவர் உயிர். பிறருக்குத் தீங்கில்லாதவரை ஒருவன் தன் உயிரோடு விளையாட உரிமை உண்டு என்பது ஜான் ஸ்டூவர்ட் மில் காலத்திலிருந்து வரும் வாதம். இந்த வகை விமானத்தில் ஏறும் வழியில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்படவில்லை என்ற அறிவிப்பும் பயணி கண்ணில் படும்படி உள்ளே இருக்கும். தெரிந்துதானே ஏறுகிறார்கள்?

எதைத் தெரிந்து ஏறுகிறார்கள்? கட்டியவர் தொழில்முறைக்காரர் இல்லை என்று பயணிக்குத் தெரியும். அந்த ஆபத்துக்கு அவர் சம்மதிக்கிறார். மூடிய தகட்டுக்குப் பின்னால் அவசரத்துக்குப் போட்ட போல்ட் ஒன்று இருப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை, சம்மதிக்கவும் முடியாது. பத்து வருடம் கழித்து இந்த விமானம் கைமாறும். வாங்குபவருக்குப் பளபளக்கும் தகடுதான் தெரியும். கீழே இருக்கும் வீட்டுக்காரரோ எந்த அறிவிப்பையும் படித்ததில்லை. தன் உயிர் என்ற வாதம் கட்டுகிறவர் தனியாக இருக்கும்வரைதான் செல்லும்.

அதற்காக எல்லாவற்றிலும் முத்திரை தேடுவதும் ஒரு மூடத்தனம்தான். இருக்கைத் துணியைப் பிடிக்கும் திருகு எந்தக் கடையில் வாங்கியது என்பதில் ஒன்றுமில்லை. சுயமாய் இறுகிக்கொள்ளும் நைலான் நட்டு, அசல் விமானச் சரக்காகவே இருந்தாலும், 250 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சூடாகும் இடத்திலும், போல்ட் சுழலும் மூட்டிலும் தவறான நட்டு. சுழலும் மூட்டுக்குக் கோட்டை நட்டும் குறுக்கே பின்னும் வேண்டும். முத்திரை இந்த விஷயத்தைச் சொல்லித் தராது. எந்த இடத்தில் எது ஏன் என்று கேட்டுப் படித்தவனுக்குத்தான் விளங்கும். கல்விக்காக என்று சட்டம் ஒரு சுதந்திரத்தைக் கொடுத்திருக்கும்போது, அந்த 'ஏன்' கேட்காமல் முடுக்குவது சுதந்திரம் கொடுத்த காரணத்தையே தள்ளிவிடுவது.

நண்பர் நாலு நாள் காத்திருந்தார். "சரி, வரட்டும்," என்று சொல்லிவிட்டு அதுவரை வால்பகுதி வேலையைப் பார்த்தோம். போல்ட் வந்ததும் டார்க் ரெஞ்சில் அங்குல-பவுண்டுக் கணக்கில் முடுக்கி, நட்டின் மேல் ஆரஞ்சு மெழுகால் ஒரு கோடு இழுத்தார். நட்டு நகர்ந்தால் கோடு உடையும். நோட்டில் தேதி, பாக எண், யாரிடம் வாங்கியது என்று எழுதினார். கடை போல்ட்டைத் தூக்கிப் போடவில்லை. அது இப்போது வேலை மேசையின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே அது தாராளம்.

தகட்டை மூடிய பிறகு அந்தக் கோட்டை எளிதில் பார்க்க முடியாது. பார்க்க முடியாத இடத்தில் கோடு எதற்கு என்று நான் கேட்கவில்லை. என்றைக்காவது ஒருவர், எங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவர், அந்தத் தகட்டைப் பிரிப்பார்.